பட்டா மாறியும் பணம் வரவில்லையே?

தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். பொன்னேரி அருகே இரண்டு ஏக்கர் நெல் நிலம். 2022-இல் அப்பா காலமானார். பட்டா என் பெயருக்கு மாறியும் பி.எம். கிசான் (மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் உதவித்தொகை) பணம் வரவில்லை. சென்னைவாசி என்பதாலா?

இல்லை. நீங்கள் எங்கே குடியிருந்தாலும் சரி, நிலம் யார் பெயரில் என்பதுதான் கணக்கு. அப்பாவின் பதிவு தானாக உங்களுக்கு வராது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 1.2.2019-க்குப் பின் கைமாறிய நிலத்துக்கு இந்த உதவி கிடையாது, வாரிசாக வந்ததற்கு மட்டும் விலக்கு. ஆகவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சிட்டா (நில உரிமைப் பதிவு) மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். வருமான வரி கட்டுபவரானால் அலையவே வேண்டாம், விண்ணப்பம் தள்ளுபடிதான்.

பலருக்கு இடிப்பது வங்கிக் கணக்கு. பாஸ்புக்கில் 'ஆதார் இணைக்கப்பட்டது' என்றிருந்தால் போதாது. எந்தக் கணக்கில் கடைசியாக ஆதார் 'சீடிங்' (அரசுப் பணம் பெறுவதற்கான இணைப்பு) ஆனதோ அங்கேதான் 2,000 ரூபாய் தவணை விழும். பழைய கணக்கையே பார்த்துக்கொண்டு 'வரவில்லை' என்பவர்கள் ஏராளம்! இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) முடிக்காவிட்டாலும், பட்டாவிலும் ஆதாரிலும் பெயர் வேறுபட்டாலும் தவணை நிற்கும். இன்ஷியலையும் ஒருமுறை பாருங்கள்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மாநில ஊக்கத்தொகைக்குத் தனி மனு உண்டா?

வேண்டாம், விலையோடு சேர்ந்தே வரும். 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டாலுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,389 உடன் மாநில ஊக்கத்தொகை 156 சேர்த்து 2,545 ரூபாய். சாதாரண ரகம் 2,369 உடன் 131, ஆக 2,500. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை திரும்பும். காயவைத்துக் கொண்டுபோங்கள்.