இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தை மாதம் ஆறு வளர்ப்புப் பைகளில் மிளகாய் நாற்று நட்டேன். பங்குனியில் இரண்டு முறை காய் பறித்தேன். சித்திரை பிறந்ததிலிருந்து கொழுந்து இலைகள் சுருண்டுபோகின்றன. பூக்கள் தொட்டாலே உதிர்கின்றன. காலையிலும் மாலையிலும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன்; வாரம் ஒருமுறை பஞ்சகவ்யமும் கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் கொடுக்கிறேன். இது வைரஸ் நோய், பிடுங்கி எறியுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பிடுங்கத்தான் வேண்டுமா? மறுபடியும் நடுவதானால், சமையலறையில் இருக்கும் காய்ந்த மிளகாயின் விதையைப் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் பிடுங்க வேண்டாம். நீங்கள் சொல்வது ஒரு நோய் அல்ல, இரண்டு தனித்தனிக் குறைகள். இலை சுருள்வதற்கு ஒரு காரணமும் பூ உதிர்வதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கருதி ஒரே மருந்தைத் தேடுவதால்தான் வீட்டுத் தோட்டங்களில் பல செடிகள் வீணாகின்றன.

முதலில் இலையைப் பார்ப்போம். சுருண்ட இலை ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதன் இரண்டு ஓரங்களும் மேல்நோக்கி மடிந்து, சிறுபிள்ளைகள் மழைநீரில் விடும் காகிதப் படகைப் போல இருந்தால், அது பெரும்பாலும் இலைப்பேனின் வேலை. இலையின் அடிப்புறத்தில், நரம்பை ஒட்டி, வெள்ளி பூசியதைப் போன்ற மினுமினுப்பு முதலில் தெரியும். பிறகு அந்த இடம் பழுப்பாகும். ஐயம் தீர வேண்டுமானால், நன்கு விரிந்த ஒரு பூவை வெள்ளைத் தாளின்மேல் பிடித்து விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், மஞ்சளாகவோ கருப்பாகவோ, நூல் துணுக்குப் போன்ற பூச்சிகள் விழுந்து ஓடினால் ஆள் அகப்பட்டாயிற்று. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய்த் தோட்டங்களைப் பாழாக்கிய கருப்பு இலைப்பேன் பூவுக்குள்ளேயே கூட்டமாகக் குடியிருக்கும் வகை. தாளில் விழுபவை அத்தகைய கருப்புப் பூச்சிகளாக இருந்தால், உங்கள் பூ உதிர்வில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்து வைத்த படகைப் போல இலை குறுகி, காம்பு வழக்கத்தைவிட நீண்டு, அடிப்புறம் செம்பழுப்பாகத் தடித்திருந்தால், அது மஞ்சள் முரணைச் சிலந்தி என்னும், இலைச்சாற்றை உறிஞ்சும் சிற்றுயிரி; வலை பின்னும் சிலந்தி அல்ல. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் அதன் நீளம் என்பதால் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். கண்ணுக்குப் பூச்சி தெரியவில்லை, எனவே வைரஸ்தான் என்று முடிவுகட்டி நான்கு நல்ல செடிகளை நானே ஒரு காலத்தில் பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

வைரஸ் தாக்கிய செடியின் தோற்றம் வேறு. இலைகள் சிறுத்து, கணுக்களுக்கு இடையிலான தூரம் குறைந்து, நுனியில் கொத்தாகக் குவிந்து, செடி முழுவதும் குட்டையாகி நின்றுவிடும். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. செடியை அசைத்தால் அடியிலிருந்து வெள்ளைத் துகள் போலப் பறக்கும். வைரஸுக்கு மருந்து கிடையாது; வைரஸ் என்றால் பிடுங்க வேண்டும் என்று உங்கள் அண்டை வீட்டுக்காரர் சொல்வது சரிதான். ஆனால் இத்தனை நாள் காய்த்த ஆறு செடிகளும் கடும் வெயிலில் ஒரே நேரத்தில் கொழுந்து சுருள்கின்றன என்றால், என் ஐயம் முதலில் இலைப்பேன் மீதுதான் போகும். வைரஸ் பெரும்பாலும் ஒரு செடியில் தொடங்கி, வெள்ளை ஈ போகும் வழியில் அடுத்ததற்குப் போகும்.

இனிச் செய்ய வேண்டியது: சுருண்ட நுனிகளைக் கிள்ளி ஒரு நெகிழிப் பையில் போட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். மறுநாள் காலையில் இலைகளின் அடிப்புறம் படும்படி தண்ணீரைச் சற்று வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மாலையில், வெயில் தணிந்த பிறகு, வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் போதும். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதந்து, தெளிப்பானின் கடைசித் தெளிப்பில் மொத்தமாக வந்து இலையைக் கருக்கும். ஆகவே சிறிதளவு சோப்புக் கரைசலில் எண்ணெயை விட்டு, பால் போல வெளுக்கும்வரை குலுக்கி, அதன்பிறகே தண்ணீரில் கலக்க வேண்டும். ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிப்பது அவசியம். ஏனெனில் இலைப்பேன் தன் முட்டையை இலைத் திசுவுக்குள் செருகி வைக்கிறது. அதன் கூட்டுப்புழுப் பருவமோ பெரும்பாலும் மண்ணில் கழிகிறது. இந்த இரண்டையும் முதல் தெளிப்பு தொடாது. மண்ணில் இருப்பவற்றுக்காக ஒவ்வொரு பையிலும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கை மேல்மண்ணோடு கிளறிவிடுங்கள்.

சிலந்தி என்று உறுதியானால், நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிப்பது நல்ல பலன் தரும். ஆனால் வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் தெளித்தாலும் அப்படியே. எனவே திருச்சிச் சித்திரையில் அதை எடுக்காதீர்கள். தண்ணீரும் வேப்பெண்ணெயும் வைத்தே காலத்தை ஓட்டுங்கள். உரக்கடையில் ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். இன்று தெளித்து நாளை சட்னிக்குப் பறிக்கும் ஆறு செடிகளுக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது தெளிப்புக்குப் பிறகு வரும் புதுக்கொழுந்து தட்டையாக விரிந்தால் வைரஸ் இல்லை. புதிதாக வருவதும் சிறுத்துச் சுருண்டு கொத்தாகவே நின்றால், அந்தச் செடியை மட்டும் தயங்காமல் பிடுங்குங்கள்.

அடுத்தது பூ. மிளகாய் நம் மண்ணில் பிறந்தது அல்ல. அமெரிக்கக் கண்டத்துக்கு உரியதை 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தார்கள். நாக்கில் எரிந்தாலும், வெப்பமான இரவுகளை அது தாங்குவதில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 அல்லது 25-க்குக் கீழே இறங்காவிட்டால், மகரந்தம் வலுவிழந்து, கருத்தரிக்காத பூவின் காம்பு மஞ்சளாகி, தொட்டவுடன் உதிரும். உங்கள் மொட்டைமாடியில் காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் பைக்குள் திருப்பி அனுப்புகிறது. செடிக்கு இரவே இல்லை என்று சொல்லலாம். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றொன்றின் பக்கச்சுவரில் விழும்படி நெருக்கமாக நகர்த்துங்கள். 35 முதல் 50 விழுக்காடு நிழல் தரும் வலையை ஆனி வரை மேலே கட்டுங்கள். வெயில் தணிந்ததும் மறக்காமல் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் ஆறு மணி நேர நேரடி வெயில் கிடைக்காத மிளகாயும் பூவை உதிர்க்கும்.

பூ உதிர்வுக்கு வளர்ச்சி ஊக்கி தெளிக்கலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். என்.ஏ.ஏ. என்னும் ஊக்கியை 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவில், நட்ட 60-ஆம், 90-ஆம் நாட்களில் தெளிக்கும் வழக்கம் மிளகாய் வயல்களில் உண்டு. கடையில் விற்கும் 4.5 விழுக்காட்டுக் கரைசலில் அது நாலரை லிட்டர் தண்ணீருக்கு ஒரே ஒரு மில்லி. வீட்டில் அந்த அளவைச் சரியாக எடுப்பது கடினம்; கூடிப்போனால் அதுவே பூவையும் இலையையும் கெடுக்கும். வெப்பத்தைக் குறைக்காமல் ஊக்கி தெளிப்பதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. தேங்காய்ப்பாலையும் மோரையும் கலந்து புளிக்கவைத்த தேமோர்க் கரைசலைப் பலர் தெளிக்கிறார்கள். கேடில்லை, தெளித்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இலையும் பூவும் அல்ல, வாராவாரம் கொடுக்கும் ஊட்டமும் இருவேளைத் தண்ணீரும்தான். கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து மிகுதி. அதை வாரந்தோறும் ஊற்றினால் செடி கருகருவென்று தழைத்து, பூவைப் பின்னுக்குத் தள்ளும். அந்த இளந்தழையைத்தான் இலைப்பேனும் சிலந்தியும் விரும்பி உண்ணும். மூன்று வாரத்துக்கு எல்லா ஊட்டத்தையும் நிறுத்துங்கள். பிறகு மாதம் ஒருமுறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி வீதம் கலந்த பஞ்சகவ்யமும் போதுமானவை.

தண்ணீரைக் கடிகாரம் பார்த்து ஊற்றாதீர்கள். பையைப் பார்த்து ஊற்றுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு அங்குலம் மண்ணில் நுழைத்து, அங்கே ஈரம் தட்டுப்பட்டால் அந்த வேளைக்குத் தண்ணீர் வேண்டாம். நண்பகலில் இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டு பதறிப்போய் ஊற்றுபவர்கள் பலர். மாலை ஆறு மணிக்குச் செடி தானாக நிமிர்ந்துவிட்டால் அது வெயிலின் சோர்வு மட்டுமே. மறுநாள் காலையிலும் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்படித் துவளும்போது மண் ஈரமாக இருந்தால், வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். மேலும் ஊற்றுவது அதை விரைவுபடுத்தும். ஒருநாள் காய்ந்தும் ஒருநாள் சேறாகவும் இருக்கும் பையில் பூ உதிர்வதோடு, காயின் அடிப்பகுதியும் கருகும். அது சுண்ணாம்புச்சத்துக் குறை என்று முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடுவார்கள். ஓடு மண்ணில் கரைய மாதங்கள் ஆகும்; ஈரத்தைச் சீராக வைத்தாலே, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்பு காய்க்குப் போய்ச் சேரும்.

ஆனி மாதத்தில் செடிகளின் மேற்புறத்தை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். மிளகாய் ஓராண்டோடு மடியும் செடி அல்ல. பராமரித்தால் வீட்டில் இரண்டு ஆண்டுகள் வரையிலும் காய்க்கும். ஆடிக்காற்றில் கிளைகள் ஒடியாமல் இருக்க ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

காய்ந்த மிளகாயின் விதையைப் போடலாம். ஓராண்டுக்கு மேல் பழையதானால் முளைப்பு குறையும் என்பதால், பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்துவைத்து, பத்து நாளில் எத்தனை முளைக்கின்றன என்று பாருங்கள். ஆறுக்குக் குறைந்தால் வேறு விதை தேடுங்கள். வீரிய ஒட்டு ரகக் காயாக இருந்தால் பிள்ளைச்செடி தாயைப் போல வராது. என் விருப்பம், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய்; மானாவாரியில் பழகியது என்பதால் ஒருவேளை தண்ணீர் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். விதை எடுக்கும்போது கையில் ஒரு பையை மாட்டிக்கொள்ளுங்கள்: காரம் உண்மையில் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெண்மையான திசுவில்தான் இருக்கிறது, விதை அதிலிருந்து காரத்தை வாங்கிக்கொள்கிறது.

ஆடி முதல் வாரத்தில் விதைத்தால், 35 முதல் 40 நாளில் நாற்று தயாராகும். மாலை நேரத்தில், பைக்கு ஒன்றாக நடுங்கள். புதுப்பைகளுக்குத் தென்னை நார்க்கழிவு வாங்கினால், அதை இரண்டு முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்கிய பிறகே செம்மண்ணோடும் மண்புழு உரத்தோடும் கலக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் பைக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். சித்திரையில் சூட்டுக்காக வைத்த செங்கற்களை அப்போதும் எடுத்துவிடாதீர்கள்.