முழு வரியையும் பாருங்கள்: எழுத்து, பேச்சு பற்றிய மேற்கோள்கள் – கேள்வி பதில்

நன்றாக எழுதுவது, நன்றாகப் பேசுவது பற்றிப் பெரியவர்கள் சொல்லிப்போன வரிகளைக் குறித்துக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். 31 வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். அடுத்தவர் எழுத்தைத் திருத்த உட்காரும்போதெல்லாம் இந்த வரிகள்தான் எனக்குக் கைத்துணை. தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

ஈரோடு, கல்லூரி மாணவி: எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரமாட்டேன் என்கிறது ஐயா. ஊக்கம் வருகிற மாதிரி ஒரு மேற்கோள் சொல்லுங்களேன்.

தமிழ் வசன நடை பற்றி பாரதியார் எழுதிய சிறு கட்டுரையைத் தேடிப் படியுங்கள் அம்மா. தைரியம் இல்லாவிட்டால் வசனம் தள்ளாடும், சண்டிமாடு போல ஓரிடத்தில் படுத்துக்கொள்ளும், வாலைப் பிடித்து எவ்வளவு திருகினாலும் எழுந்திருக்காது என்கிறார். வண்டிமாடு படுத்துக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாலைத் திருகுவது வீண்வேலை. அதற்கு முன்னாலேயே, சொல்ல வந்த விஷயத்தை மனதிலே சரியாகக் கட்டிவைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். எழுதி முடித்தபின் நண்பரிடம் படித்துக் காட்டும் வழக்கம் வேண்டும் என்றும் சொல்கிறார். உங்களுக்குச் சொல் பஞ்சம் இருக்காது. விஷயம் இன்னும் கட்டி முடியவில்லை. தோழியிடம் முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் "என்னது?" என்று கேட்கிறாரோ அங்கேதான் கட்டு அவிழ்ந்திருக்கிறது.

மதுரை, ஏழாம் வகுப்புப் பையனின் அப்பா: பேச்சுப் போட்டிக்கு நல்ல பொன்மொழி 10 வேண்டும் சார்.

ஒன்று போதும். "பலசொல்லக் காமுறுவர் மன்றமா சற்ற / சிலசொல்லல் தேற்றா தவர்." குறள் 649. குற்றமில்லாத சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்தான் பல சொற்களைச் சொல்ல ஆசைப்படுவார் என்று பொருள். மூன்று நிமிடப் பேச்சில் 10 பொன்மொழி வைத்தால் பிள்ளை தன் சொந்தப் பேச்சை எப்போது பேசுவான்?

சென்னை: "வாள்முனையை விடப் பேனாமுனை வலிமையானது" என்று நெப்போலியன் சொன்னதாக எங்கள் அலுவலகச் சுவரில் எழுதியிருக்கிறது. சரியா?

இல்லை. எட்வர்ட் புல்வர் லிட்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1839இல் எழுதிய 'ரிஷலியூ' நாடகத்தில் வரும் வசனம் அது. பேசுகிற பாத்திரம் பிரான்சின் கார்டினல் ரிஷலியூ. வரி அப்படியே தொடங்கவும் இல்லை. "முழுக்க முழுக்க மேன்மையானவர்களின் ஆட்சியின் கீழ்" என்ற நிபந்தனை முன்னால் நிற்கிறது. அதன் பிறகுதான் பேனா வருகிறது. நிபந்தனையை வெட்டிவிட்டால் எழுதுகிறவனைக் குளிர்விக்கிற வரியாகச் சுருங்கிவிடுகிறது. எந்த மேற்கோளை எடுத்தாலும் முன்னும் பின்னும் உள்ளதைப் பாருங்கள். இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

கும்பகோணம், ஆசிரியை: சொல்வன்மை அதிகாரத்தில் உங்களுக்குப் பிடித்த குறள் எது ஐயா?

645. "சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை / வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து." நீங்கள் சொல்லும் சொல்லை வெல்லக்கூடிய வேறொரு சொல் இல்லை என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள் என்கிறார். இதைப் பலர் வாதத்துக்கான குறளாகவே படிக்கிறார்கள். எனக்கு இது புரூஃப் மேசைக் குறள். 'அறிந்து' என்று முடிவதைக் கவனியுங்கள்: தேடிப் பார்த்திருந்தால்தானே அறிய முடியும்? ஒரு சொல்லை எழுதிவிட்டு, அதன் இடத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒரு செய்தியில் "மரணத்தைத் தழுவினார்" என்று வந்தது. இறந்தது கிணற்றில் தவறி விழுந்த ஐந்து வயதுக் குழந்தை. குழந்தை எதையும் தழுவவில்லை. "இறந்தது" என்று மாற்றினேன். அந்த ஒரு சொல்லை வெல்ல வேறு சொல் அங்கே இல்லை. அதே அதிகாரத்தின் கடைசிக் குறளையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லத் தெரியாதவர், கொத்தாகப் பூத்தும் மணக்காத பூவைப் போன்றவர். 649இல் சில சொல் போதும் என்றவர் 650இல் விரித்துச் சொல் என்கிறாரே என்று வகுப்பில் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். கேட்டால் பாராட்டுங்கள். விரிப்பது பொருளை, குறைப்பது சொல்லை.

சேலம்: ஆண்டு விழாவில் பேச 10 பொன்மொழிகள் வேண்டும்.

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

கோவில்பட்டி: "பேசுவது போலவே எழுது" என்று பாரதியே சொல்லிவிட்டார். அப்புறம் எதற்கு அண்ணே இந்த 'செய்கிறேன், போகிறேன்' எல்லாம்? 'செய்றேன், போறேன்' என்றே எழுதிவிடலாமே?

முதல் கேள்விக்குச் சொன்ன அந்த வசன நடைக் கட்டுரையில் அவர் எழுதியது இது: "கூடியவரை பேசுவதுபோலவே எழுதுவதுதான் உத்தமமென்பது என்னுடைய கட்சி." தொடக்கத்தில் 'கூடியவரை' இருக்கிறது. முடிவில் 'என்னுடைய கட்சி' இருக்கிறது. இரண்டையும் கழற்றிவிட்டு, ஒரு மனிதர் தன் தரப்பாக வைத்ததைக் கட்டளையாக ஆக்கிவிட்டோம். தம்பி, அந்த வரியின் தமிழையே பாருங்கள். 'எழுதுறதுதான்' என்றா இருக்கிறது? பேச்சிலிருந்து அவர் எடுத்தது வினைமுற்றின் விகுதியை அல்ல, வாக்கியத்தின் போக்கை.

யாழ்ப்பாணம்: நீங்கள் சொல்லுறது சரி ஐயா. நாங்கள் எங்கட பேச்சில எழுதினா கோவில்பட்டித் தம்பிக்கு விளங்குமோ? பொதுவான எழுத்துத் தமிழ் இருக்கிறபடியால்தானே அவர் எழுதுறது எனக்கு விளங்குது.

கோவில்பட்டி: எங்க ஊர்ப் பக்கத்து இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சிலேதான் எழுதினார். உலகமே படிக்கவில்லையா?

படித்தது. நானும் வரி வரியாக ரசித்துப் படித்தேன். இங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 'விகுதியை அல்ல' என்று நான் ஒரேயடியாகச் சொன்னது கதைக்குப் பொருந்தாது. ஆனால் கி.ரா. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியும் தொகுத்தார் என்பதை மறக்காதீர்கள். தன் ஊர்ச் சொல்லை வெளியூர்க்காரன் கையில் சேர்க்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார்.

தஞ்சாவூர், தமிழாசிரியர்: தேர்வுத்தாளில் 'போறேன்' என்று எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன். பாரதியை இப்படித் துணைக்கு அழைப்பது மாணவர்களைக் கெடுக்கிறது.

குறையுங்கள் ஐயா, அது தேர்வின் முறை. ஆனால் "மாணாக்கர்கள் யாவரும் வருகை புரிந்திருந்தனர்" என்று எழுதுகிற பையனுக்கு முழு மதிப்பெண் போடாதீர்கள். 'எல்லோரும் வந்திருந்தார்கள்' என்பதும் பிழையில்லாத எழுத்துத் தமிழ்தான். அந்தக் கட்டுரையிலேயே வசன நடைக்குத் தெளிவு, ஒளி, தண்மை, ஒழுக்கம் என்று நான்கு குணங்களைச் சொல்கிறார் பாரதி. அவை கம்பனிடமிருந்து வந்தவை. ஆரணிய காண்டத்தில் கோதாவரியைப் பார்த்ததும் "சவியுறத் தெளிந்து தண்ணென் றொழுக்கமும் தழுவிச் சான்றோர் கவியெனக் கிடந்த கோதாவரி" என்கிறான். சவி என்றால் ஒளி. அடி தெரிகிற தெளிவு, மேலே மினுக்கம், தொட்டால் குளிர்ச்சி, தடையில்லாத ஓட்டம். ஆற்றைப் பார்த்துக் கவிதையை நினைத்தான் அவன். அந்தக் கவிதையிலிருந்து உரைநடைக்கு அளவுகோல் எடுத்தார் இவர். 'போறேனா, போகிறேனா' என்று சண்டை போடும் நேரத்தில் நம் வாக்கியத்தில் அடி தெரிகிறதா என்று பார்க்கலாம்.

கோவை: "சுருக்கமாக எழுத நேரமில்லை, அதனால் கடிதம் நீண்டுவிட்டது" என்று சொன்னது மார்க் ட்வெயின்தானே?

பாஸ்கல். பிரெஞ்சுக் கணித மேதை, 1656 டிசம்பரில் எழுதிய கடிதம் ஒன்றில். ட்வெயின் பிறந்தது 1835. பிரபலமானவரின் படத்தை ஒட்டினால் வரி வேகமாகப் பரவுகிறது. உண்மையில் எழுதியவர் காணாமல் போகிறார். எங்கே சொன்னார் என்று காட்ட முடியாவிட்டால் பெயர் போடாதீர்கள்.

திருச்சி: ஆங்கில நேர்முகத் தேர்வில் சரளமாகப் பேச என்ன மேற்கோள் படிக்கலாம்?

என் துறை இல்லை. ஆங்கிலம் சொல்லித்தருகிற ஒருவரிடம் கேளுங்கள்.

வேலூர்: பேச்சுப் போட்டிக்குப் பொன்மொழிகள்...

மேலே இரண்டு முறை வந்துவிட்டது. தயவுசெய்து மற்றவர்களின் கேள்விகளையும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

விருதுநகர் மாவட்டம், கிராமத்து வாசகி: ஐயா, நான் பத்தாவது வரைதான். எங்கள் தெருவுக்கான மனுவை எழுதச் சொல்லிவிட்டார்கள். "எங்கள் பகுதியில் கடந்த பல நாட்களாகக் குடிநீர்ப் பிரச்சினை நிலவி வருவதால் பொதுமக்கள் மிகுந்த சிரமத்திற்கு உள்ளாகி வருகின்றனர் என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டு வர விரும்புகிறோம்" என்று ஆரம்பித்திருக்கிறேன். மேற்கோள் ஏதாவது சேர்க்கலாமா?

இன்று வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மனுவில் மேற்கோள் வேண்டாம். மேற்கோளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனுவைத் திருத்துவோம்.

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் சொல்கிறார். குற்றத்தில் முதலாவது 'குன்றக் கூறல்', அதாவது தேவையானதைச் சொல்லாமல் விடுவது. இரண்டாவது 'மிகைபடக் கூறல்'. உங்கள் வாக்கியத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. 'மேலான கவனம்', 'நிலவி வருவதால்', 'உள்ளாகி வருகின்றனர்' எல்லாம் மிகை. எந்தத் தெரு, எத்தனை குழாய், எந்தத் தேதி முதல் என்பது குறை. இதைப் படிக்கிற அதிகாரிக்கு ஆளை எங்கே அனுப்புவது என்று தெரியாது. அழகில் முதல் இரண்டு 'சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல்'. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கக் கூடாது. அதனால்தான் அடுத்தடுத்து வைத்தார் என்று நான் நினைக்கிறேன்.

இப்படி எழுதிப் பாருங்கள், விவரத்தை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்: "காளியம்மன் கோயில் தெருவில் உள்ள மூன்று பொதுக் குழாய்களிலும் இம்மாதம் 4ஆம் தேதி முதல் தண்ணீர் வரவில்லை. இதை நம்பி 40 வீடுகள் இருக்கின்றன. இப்போது ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து தோட்டத்துக் கிணற்றில் எடுக்கிறோம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயைச் சரிபார்த்துத் தரக் கேட்டுக்கொள்கிறோம்."

கையெழுத்து வாங்குவதற்கு முன் தெருப் பெண்கள் நாலு பேரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். விட்டுப்போனது இருந்தால் அவர்களே சொல்வார்கள். தேதி போட மறக்காதீர்கள், ஒரு நகல் வைத்துக்கொண்டு அதில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தண்ணீர் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள் அம்மா.