ஹெலன் சுஸ்மன் தனியொருவராக நாடாளுமன்றத்தில் என்ன செய்ய முடிந்தது?

வெள்ளையர் ஆட்சியின் நிறவெறிச் சட்டங்களைத் தடுக்க முடிந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. 1961 முதல் 1974 வரை தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் நிறவெறியை எதிர்த்த முற்போக்குக் கட்சிக்கு இருந்த உறுப்பினர் அவர் ஒருவர்தான். 1963இல், விசாரணையே இல்லாமல் 90 நாள் அடைத்துவைக்கும் சட்டத்தை எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு அவருடையது.

அவர் பெரிதாகச் சாதித்தது கேள்வி நேரத்தில்தான் என்பேன். எத்தனை பேர் காவலில், எத்தனை பேர் வீட்டைவிட்டு விரட்டப்பட்டார்கள் என்று விடாமல் கேட்டார். அமைச்சரின் பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடும். அப்புறம் பத்திரிகைகள் அதைத் தைரியமாக அச்சிடலாம். நாட்டின் மானத்தை வாங்குகிறீர்கள் என்று ஓர் அமைச்சர் சீறியபோது, மானத்தை வாங்குவது என் கேள்விகள் அல்ல, உங்கள் பதில்கள் என்றார். 1967இல் ராபன் தீவுச் சிறைக்கே போய், மண்டேலாவிடம் கைதிகளின் குறைகளைக் கேட்டு வந்தார்.