ஏச்சோடு வந்த கஞ்சி

‘என் பாடே பெரும்பாடாக இருக்கும்போது மற்றவர்களிடம் இரக்கமாக இருப்பது எப்படி?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வழி சொல்லித் தர எனக்குத் தெரியாது. அப்படி இருந்த ஒருவரைத் தெரியும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டது. எனக்குப் பத்து வயது. செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்துக்கு வரவே விடிந்துவிட்டது. இலட்சக்கணக்கான சனம், ஒற்றை வீதி, இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். மழை பெய்தபோது குடையைத் தலைகீழாகப் பிடித்து, அதில் சேர்ந்ததைக் குடித்தார்கள்.

மீசாலையில் முன்பின் தெரியாத ஓர் ஆச்சியின் வீட்டில் ஒதுங்கினோம். ஐந்து குடும்பம், ஒரு கிணறு. ஆச்சியின் கணவர் பாரிசவாதத்தில் படுக்கை. வெளிநாட்டுக்குப் புறப்பட்ட மகனிடமிருந்து கடிதம் வந்து பல மாதம்.

ஆச்சி அன்பே உருவானவர் என்று நினைத்துவிடாதீர்கள். விடிந்தால் ஏச்சுத்தான். “ஆர் இப்பிடித் தண்ணி அள்ளுறது? விறகென்ன வானத்திலயிருந்தே விழுது?” அம்மா அடுப்படிக்குப் பின்னால் போய் நின்று அழுவா. ஆனால் மத்தியானம் கஞ்சி இறக்கினால் முதல் கோப்பை எங்களைப் போன்ற சின்னதுகளுக்கு. அதையும் ஏசிக்கொண்டேதான் நீட்டுவார். ஆறாவதாக வந்த குடும்பத்துக்கு இடமில்லை என்று சொல்லி, தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பியதும் அவர்தான். அதை நான் குறையாக நினைக்கவில்லை. ஒரு திண்ணையில் எத்தனை பேர் படுப்பது?

மனம் அமைதியானால்தான் இரக்கம் வரும் என்பார்கள். ஆச்சிக்கு அமைதியான ஒரு நாள் இருந்து நான் பார்க்கவில்லை.

ஓர் இரவு தங்கச்சிக்குக் காய்ச்சலோடு இழுப்பும் வந்துவிட்டது. பொருளாதாரத் தடைக் காலம், மண்ணெண்ணெய் கண்ணில் காண்பதே அரிது. வீட்டில் எரிந்தது ஒரே ஒரு ஜாம் போத்தல் விளக்கு, அதுவும் கிழவரின் அறையில். படுக்கைப்புண் வராமலிருக்க ராவில் நாலைந்து தரம் அவரைப் புரட்டவேண்டும். ஆச்சி அந்த விளக்கைக் கொண்டுவந்து தங்கச்சியின் தலைமாட்டில் வைத்தார்.

“ஐயோ ஆச்சி, ஐயாவுக்கு வேணுமெல்லே?” என்றா அம்மா.

“நாப்பது வருசமாப் பக்கத்தில படுத்த மனுசன். கை எங்கை கால் எங்கையெண்டு பார்க்க எனக்கு விளக்கு வேணுமே? நீ பிள்ளையைப் பார்.”

சுவருக்கு அப்பால் இருட்டுக்குள் அவர் முனகுவதும், ஆச்சி மூச்சுப் பிடித்து அவரைப் புரட்டுவதும் விடியுமட்டும் கேட்டது. தங்கச்சிக்கு விடியப்புறம் இழுப்புத் தணிந்தது.

காலையில் ஆச்சி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இனி நான் எண்ணெய்க்கு எங்கை போறது?” என்று தொடங்கியவர், மத்தியானக் கஞ்சி இறக்குமட்டும் நிறுத்தவே இல்லை.