பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேம்பர்வேன் பயணம்: எதிலிருந்து திட்டமிடத் தொடங்குவது?

கேட்டிருப்பது இது: பெரியவர்கள் இருவர், 5 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், பள்ளி விடுமுறையில் வாடகை கேம்பர்வேனில் (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வேன்) பத்து இரவுகள். எந்த வேன் எடுப்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போவது, எதையெல்லாம் முன்பதிவு செய்வது?

பலரும் முதலில் வரைபடத்தைத் திறந்து, பார்க்கவேண்டிய இடங்களைக் குறித்து வைத்துவிட்டு அப்புறம்தான் வேன் தேடுவார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். நாலு பேர் புழங்கும் வேனில் தண்ணீர் எத்தனை நாள் வரும், கழிவறைப் பெட்டி எப்போது நிரம்பும், பேட்டரி எத்தனை இரவு தாங்கும் என்ற கணக்கைப் போட்டுவிட்டால், எங்கே எத்தனை நாள் தங்கலாம் என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிடும். இடங்களை அதற்குள் பொருத்திக்கொள்ளலாம்.

வேனில் பார்க்கவேண்டியது படுக்கைகளின் எண்ணிக்கையை விட பெல்ட்களின் எண்ணிக்கை. "நாலு பேர் படுக்கலாம்" என்று விளம்பரத்தில் இருக்கும். ஓடும்போது சட்டப்படி உட்கார இரண்டு அல்லது மூன்று இருக்கைகள் மட்டுமே இருக்கலாம். பெல்ட் இருந்தாலும் அது தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டா, வெறும் இடுப்பு பெல்ட்டா என்று கேளுங்கள். 5 வயதுப் பிள்ளையின் முதுகுள்ள பூஸ்டர் சீட்டுக்கு மூன்று முனை பெல்ட் வேண்டும். 11 வயதுக்கும் பூஸ்டர் தேவைப்படலாம். நாட்டைப் பொறுத்து 135 அல்லது 150 செ.மீ. உயரம் வரை என்று விதி இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்திருக்கும் இருக்கையில் குழந்தை சீட் பொருத்தவே கூடாது. குழந்தை சீட்டை நேராக வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எல்லா வேனிலும் இருக்காது. தரையில் ஊன்றி நிற்கும் முட்டுக்கால் உள்ள குழந்தை சீட் கொண்டுபோவதாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: பல வேன்களில் மேசைக்கு அடியில் தரைக்குள்ளேயே ஒரு சாமான் பெட்டி இருக்கும். அதன் மூடி மேல் முட்டுக்கால் நின்றால் மோதலின்போது மூடி உடைந்து கால் உள்ளே இறங்கிவிடும். வாடகை நிறுவனத்திடம் விளம்பரப் படம் கேட்காதீர்கள். உங்களுக்குத் தரப்போகும் வேனின் பின் இருக்கை, பெல்ட் கொக்கி, அதன் கீழ்த் தரை இவற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

படுக்கையில் ஒரே ஒரு விதி: குறைந்தது ஒரு படுக்கையாவது எப்போதும் விரித்தபடி இருக்கவேண்டும். மேசையை இறக்கி மெத்தை அடுக்கிப் படுக்கையாக்கும் வகை மட்டும் இருந்தால், சின்னவன் எட்டு மணிக்குத் தூங்கியதும் மற்ற மூவருக்கும் உட்கார இடமிருக்காது. தினமும் விரிக்கவும் மடிக்கவும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், அந்த நேரத்தில் எல்லாரும் வெளியே நிற்கவேண்டும். மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். மேல் படுக்கை மூத்தவளுக்கு. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது வேண்டாம் என்பது பொதுவான எச்சரிக்கை. வலையோ தடுப்புப் பலகையோ இருக்கிறதா என்பதையும், படுக்கையின் நீளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கூரை மேலெழும் சின்ன வேன்கள் ஓட்ட எளிது, ஆனால் துணிச் சுவர் பலத்த காற்றில் படபடக்கும், நனைந்த துணியை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்து எடை. சாதாரண கார் உரிமத்தில் பல நாடுகளில் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். சில நாடுகளில் வரம்பு இன்னும் அதிகம். வேன் 3,500 கிலோ வகை, அதில் 450 கிலோ ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் போக மற்ற மூவரும் சுமார் 130 கிலோ. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. சைக்கிள்களும் அவற்றின் தாங்கியும் 60 முதல் 70 கிலோ. நாற்காலி, மேசை, வெளிக்கூடாரம் 40 கிலோ. உணவு, துணிமணி, பாத்திரம், பொம்மைக்கு மிஞ்சுவது 110 கிலோ சொச்சம். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் நகரும் நாளில் டேங்கை முழுதாக நிரப்பாமல் வழிக்குத் தேவையான 20 லிட்டரோடு கிளம்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்கிறார்கள். சைக்கிளைப் பின்னால் தொங்கவிட்டால் பின் அச்சில் சுமை கூடும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு வரம்பை மீறியிருக்கலாம். பெட்டி கொண்டுபோகாதீர்கள், மடக்கிச் செருகக்கூடிய துணிப்பைகள் போதும். கனமானவை கீழேயும் இரண்டு அச்சுகளுக்கு நடுவேயும், மேல் அலமாரியில் துணியும் ரொட்டியும் மட்டும்.

இனி அந்தத் தண்ணீர்க் கணக்கு. வேனிலேயே சமைத்து, பாத்திரம் கழுவி, முகம் கை கால் கழுவினால் சிக்கனமாக இருந்தாலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 லிட்டர் போகும். வேனுக்குள் குளித்தால் இரண்டு நிமிடக் குளியலுக்கே இன்னொரு 10 லிட்டர். ஆக 100 லிட்டர் டேங்க் ஒன்றரை நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். அழுக்குத் தண்ணீர் டேங்க் பெரும்பாலும் இதைவிடச் சிறியது, அதனால் அதுதான் முதலில் நிரம்பும். கேசட், அதாவது கழிவு சேரும் கழிவறைப் பெட்டியின் கொள்ளளவு 17 முதல் 20 லிட்டர். நாலு பேர் முழுக்க அதையே நம்பினால் இரண்டாம் நாளே சிவப்பு விளக்கு. பகலில் கேம்ப்சைட்டின் (வேனை நிறுத்தித் தங்கும் முகாமின்) கழிவறை, இரவில் மட்டும் வேனுடையது என்று பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டால் மூன்று, நாலு நாள் வரும்.

கேசட்டைக் காலி செய்வதை யாரும் விரிவாகச் சொல்லித் தருவதில்லை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். உள்ளே கழிவறைக்கும் கேசட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு முழுதாக மூடியிருந்தால்தான் கேசட் வெளியே வரும். வரவில்லை என்றால் இழுத்துப் பார்க்காதீர்கள், உள்ளே போய்த் தகட்டை மூடுங்கள். கொட்டும் இடத்தில் கேசட்டின் குழாயை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றி, வாய் கீழே சாய்ந்த பிறகே காற்றை உள்ளே விடும் பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தாமல் கொட்டினால் குடுகுடுவென்று தெறிக்கும். நிமிர்த்தி வைத்தபடி அழுத்தினால் அந்தக் காற்று ஓட்டை வழியாகவே வெளியே சிந்தும். இரண்டு முறை அலசி, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரும் அளவான ரசாயனமும் ஊற்றி மறுபடி பொருத்துங்கள். ப்ளீச்சிங் திரவம், வீட்டுக் கழிவறைத் திரவம் இவையெல்லாம் ரப்பர் வளையத்தைக் கெடுத்துக் கசிய வைக்கும். ஈரத் துடைப்பான் ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. தகட்டில் சிக்கினால் பயணம் முடியும்வரை தலைவலி.

மின்சாரத்தில் பிள்ளைகளோடு வரும் முதல் ஏமாற்றம், சுவரில் உள்ள சாதாரண பிளக் வேலை செய்யாதது. 230 வோல்ட் பிளக் கேம்ப்சைட் மின் இணைப்பில் இருந்தால் மட்டுமே உயிர்பெறும். மற்ற நேரத்தில் 12 வோல்ட், யுஎஸ்பி துளைகள்தான். 100 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் மட்டுமே வெயில் நாளில் 30 முதல் 40 ஆம்பியர்-மணி குடிக்கும். விளக்கு, தண்ணீர் பம்ப், போன், டேப்லெட் எல்லாம் சேர்ந்தால் ஒரே நாளில் அந்த 50 காலி. லித்தியம் பேட்டரி என்றால் 80 சதவீதம் வரை எடுக்கலாம். கூரையில் 100 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் 25 முதல் 30 ஆம்பியர்-மணி திருப்பித் தரும். மரநிழலில் நிறுத்தினால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வராது.

மின் இணைப்பு இருந்தாலும் வீட்டைப் போல எண்ணிவிட முடியாது. 6 ஆம்பியர் இணைப்பு என்றால் 1,380 வாட், 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட். வீட்டுக் கெட்டில் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். முதல் காலையே இணைப்பு துண்டாகி, அதை மறுபடி போடும் பொத்தான் பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்கவேண்டும். அடுப்பில் வைக்கும் கெட்டில் ஒன்று போதும். சுருளில் உள்ள மின்கம்பியை முழுக்க அவிழ்த்துவிடுங்கள், மீதியைச் சுருட்டியபடியே விட்டால் சூடேறி உருகும்.

வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் வேன் சமமாக நிற்கவேண்டும், சில டிகிரி சாய்ந்தாலே குளிர்ச்சி குறையும். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சாய்தளக் கட்டைகள் அதற்காகத்தான். சூடான ஃபிரிட்ஜ் குளிரப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் முதல் நாள் வாங்கும் உணவில் பாலும் இறைச்சியும் குறைவாக இருக்கட்டும்.

இப்போது நாட்களை அடுக்கலாம். முதல் இரவு வேன் எடுக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஒப்படைப்பும் விளக்கமும் ஒன்றிரண்டு மணி நேரம், சாமான் வாங்குவதும் அடுக்குவதும் இன்னும் இரண்டு மணி நேரம். அதற்குமேல் புது வண்டியை இருட்டில் ஓட்ட எந்தக் காரணமும் இல்லை. கடைசி இரவும் அப்படியே. நடுவில் உள்ள எட்டு இரவுகள் 3, 3, 2 என்று மூன்றே இடங்கள். ஆக மொத்தம் நாலு நகர்வுகள்; ஒவ்வொன்றும் 200 கி.மீ. என்றால் 800 கி.மீ. போதும். வரைபடச் செயலி மூன்று மணி நேரம் என்று காட்டினால் நாலு என்று எழுதிக்கொள்ளுங்கள், நிறுத்தங்கள் தனி. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் மூட்டை கட்டவே முக்கால் மணி நேரம் ஆவதால், தினம் ஓர் இடம் என்று போட்ட திட்டம் மூன்றாம் நாளே உடைந்துவிடும். தங்கும் இடத்துக்குப் பிற்பகல் மூன்று, நாலு மணிக்குள் போய்விட்டால் பிள்ளைகளுக்கு விளையாட வெளிச்சம் இருக்கும்.

விடுமுறை என்பதால் முன்பதிவு விஷயத்தில் தயங்காதீர்கள். நாலு பெல்ட், குழந்தை சீட் வசதி உள்ள வேன்கள் எண்ணிக்கையில் குறைவு, அவைதான் முதலில் போகும். ஆறு மாதம் முன்பே பிடிப்பது நல்லது. சனிக்கிழமை எடுப்பதைத் தவிருங்கள். அன்று எல்லாக் குடும்பங்களும் வரிசையில் நிற்க, விளக்கம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். திங்கள் அல்லது செவ்வாய் எடுத்தால் வாடகையும் சில சமயம் குறையும். பேர்பெற்ற இடங்களை வார நடுவிலும், அமைதியான இடத்தை வார இறுதியிலும் வையுங்கள். பல கேம்ப்சைட்கள் உச்சப் பருவத்தில் குறைந்தது இத்தனை இரவு என்று விதி வைக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி தாங்குமானால் மின் இணைப்புள்ள இடம் எல்லா இரவுக்கும் தேவையில்லை, மேலே சொன்ன கணக்குப்படி இரண்டு இரவுக்கு ஒருமுறை கழிவு கொட்டவும் தண்ணீர் நிரப்பவும் வழியிருந்தால் போதும்.

ஒப்பந்தத்தில் காப்பீட்டுப் பகுதியை முழுசாகப் படியுங்கள். கூரை, அடிப்பகுதி, கண்ணாடி, டயர், வெளிக்கூரைத் துணி இவை பெரும்பாலும் முழுக் காப்பீட்டிலும் சேராது, சேதம் நடப்பதோ அங்கேதான். வேனின் உயரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஓட்டுநர் கண்முன் ஒட்டுங்கள். திரும்பும்போது பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி எதிர்ப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்க் தூண்களில் கீறல் விழுவது அதனால்தான். தண்ணீர் மூடியும் டீசல் மூடியும் ஒரே மாதிரி இருக்கும் வண்டிகளில் டீசல் தண்ணீர் டேங்குக்குப் போவது அடிக்கடி நடக்கும் விபத்து. வண்ண டேப் ஒட்டிவிடுங்கள்.

விளக்கம் தருபவர் பேசுவதை முழுக்க வீடியோ எடுங்கள். வெந்நீர்க் கலத்தின் உறைபனி வால்வு எங்கே என்று மறக்காமல் கேளுங்கள்: பல வேன்களில் அது சுமார் 3 டிகிரிக்குக் கீழே தானாகத் திறந்து தண்ணீரைக் கொட்டிவிடும், குளிர் இரவுக்கு மறுநாள் வெந்நீர்க் கலம் காலியாக இருப்பதைப் பார்த்துப் பழுது என்று நினைப்பார்கள். பம்ப் நிற்காமல் ஓடினால் டேங்க் காலி, அல்லது ஏதோ குழாய் லேசாகத் திறந்திருக்கிறது. பியூட்டேன் வாயு 0 டிகிரியில் ஆவியாகாது, அடுப்பு எரியாமல் போகும். குளிர்ப் பிரதேசத்துக்கு புரோப்பேன் கேளுங்கள்.

குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. அணைந்த கரி அடுப்பைக்கூட வேனுக்குள்ளோ வெளிக்கூடாரத்துக்குள்ளோ வைக்காதீர்கள், அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் வேனில் இல்லையென்றால் சொந்தமாக ஒன்று வாங்கிப் போங்கள். நாலு பேர் தூங்கும் மூச்சிலேயே ஓர் இரவில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஈரம் கண்ணாடியில் வழியும், அதனால் மேல் ஜன்னல் எப்போதும் ஒரு விரல் அளவு திறந்திருக்கட்டும்.

கிளம்பும் முன் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளே இருப்பவர் மேல் ஜன்னல்கள், ஃபிரிட்ஜ் தாழ், அலமாரித் தாழ்கள், பம்ப் சுவிட்ச், பெல்ட்களைப் பார்க்கட்டும். வெளியே இருப்பவர் மின்கம்பி, படிக்கட்டு, வெளிக்கூரை, வாயு வால்வு, சாய்தளக் கட்டைகள். இந்த இரண்டாவது பட்டியலைப் 11 வயதுக்காரியிடம் கொடுத்தால் பெரியவர்களை விடச் சரியாகச் செய்வாள். வாயு வால்வை மட்டும் நீங்கள் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஓடும்போது கழிவறை, ஃபிரிட்ஜ், பொம்மை எதற்காகவும் பெல்ட்டைக் கழற்றக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் வாடகை நிலையங்கள் பெரும்பாலும் முற்பகலிலேயே வண்டியைக் கேட்கும். முந்தின மாலையே கேசட், அழுக்குத் தண்ணீர் டேங்க் இரண்டையும் கேம்ப்சைட்டில் காலி செய்து, உள்ளே துடைத்துவிட்டால் காலையில் டீசல் மட்டும் பாக்கி. பள்ளி திறப்பதற்கு முந்தின நாளில் திருப்பும் தேதியை வைக்காதீர்கள். ஒரு நாள் இடைவெளி இல்லாவிட்டால் ஒரு மூட்டைத் துணியைத் துவைப்பது யார் என்ற சண்டைக்குக்கூட நேரமிருக்காது.