பிசிஆர் கேபினெட் (டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் சோதனைக்கான கலவையைத் தயாரிக்கும் பெட்டி): வாசகர் கேள்வி-பதில்

கே: யுவி விளக்கை எவ்வளவு நேரம் போட வேண்டும்?
ப: வேலைக்கு முன் 20–30 நிமிடம், முடித்த பின் அதே அளவு. பிப்பெட், ரேக் உள்ளே இருக்கட்டும். பிரைமர், புரோப் (இலக்கு டிஎன்ஏவில் ஒட்டும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்), என்சைம் எதையும் உள்ளே விட்டுவிட்டுப் போடாதீர்கள்.

கே: நோயாளியின் சளி மாதிரியையும் இதிலேயே திறக்கலாமா?
ப: கூடாது. இந்தப் பெட்டி உங்கள் வினைக் கலவையைக் காக்கும், உங்களைக் காக்காது. அதற்கு கிளாஸ் 2 உயிர்ப்பாதுகாப்பு கேபினெட் வேண்டும்.

கே: விளக்கு நன்றாக நீலமாக எரிகிறது. ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?
ப: டிஎன்ஏவைச் சிதைக்கும் 254 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. நீலம் தெரிகிறதே என்று நம்பாதீர்கள். சுமார் 8000–9000 மணி நேரத்தில் மாற்றுங்கள். விளக்கில் படியும் தூசியும் கதிரைக் குறைக்கும். அணைத்து, ஆறிய பின் எத்தனாலில் துடையுங்கள்.

கே: தினமும் ஒரு மணி நேரம் யுவி போடுகிறோம், ஹெபா ஃபில்டரும் புதிது. ஆனாலும் என்டிசி (டிஎன்ஏ சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாய்) பாசிட்டிவ். கேபினெட் பழுதா?
ப: சிடி (எத்தனையாவது சுழற்சியில் சிக்னல் வந்தது) எவ்வளவு, ஆம்ப்ளிகான் (பெருக்கிய டிஎன்ஏ துண்டு) எத்தனை பேஸ் (டிஎன்ஏ எழுத்து), பெருக்கிய குழாயை எங்கே திறக்கிறீர்கள்? மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் கேபினெட் மீது பழி போடுகிறீர்கள். பிசிஆர் முடிந்த ஒரு குழாயில் நூறு கோடிக்கும் மேல் பிரதிகள் இருக்கும். மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் நுண்துளி கையுறையில், கோட்டின் கையில், பிப்பெட் தண்டில் ஒட்டும். ஹெபா காற்றைத்தான் வடிகட்டும். உள்ளே நுழையும் உங்கள் கையை வடிகட்டாது. யுவி பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும் தைமின் பேஸ்களைப் பிணைத்துத்தான் டிஎன்ஏவைக் கெடுக்கிறது. 100 பேஸ் ஆம்ப்ளிகானில் அப்படிப்பட்ட இடங்கள் குறைவு, காய்ந்துபோனால் இன்னும் தாக்குப்பிடிக்கும், ரேக்கின் நிழலில் கதிரே படாது.

பெருக்கிய குழாய் இந்தப் பெட்டிக்குள் வரவே கூடாது. அதைத் திறக்க வேறு அறை, வேறு பிப்பெட், வேறு கோட். மாஸ்டர் மிக்ஸ் (மாதிரி சேர்க்காத வினைக் கலவை), மாதிரி, பெருக்கல், ஜெல் (பெருக்கியதைப் பார்க்கும் கட்டம்) என வேலை ஒரே திசையில் போக வேண்டும். ஜெல் அறைக்குப் போனவர் அன்று மாஸ்டர் மிக்ஸ் கலக்கத் திரும்பக் கூடாது. இப்போதைக்கு, திறந்த தண்ணீரையும் பிரைமர் அலிக்வாட்டுகளையும் (பிரித்து வைத்த சிறு பங்குகளையும்) கொட்டிவிட்டுப் புதிதாக எடுங்கள். பிறகு இரண்டு என்டிசி வையுங்கள்: ஒன்றை உடனே மூடுங்கள், மற்றதை 30 நிமிடம் பெட்டிக்குள் திறந்து வையுங்கள். இரண்டும் பாசிட்டிவ் என்றால் முதலில் ரீஏஜென்ட், பிப்பெட்டைச் சந்தேகியுங்கள். திறந்தது மட்டும் வந்தால் பெட்டிக்குள் தேடுங்கள். யுஎன்ஜி (யுராசில் உள்ள டிஎன்ஏவைச் சிதைக்கும் என்சைம்) கலந்த மிக்ஸ் வாங்கினால் தீரும் என்று நினைக்க வேண்டாம். டியூடிபி (தைமினுக்குப் பதில் யுராசிலைச் சேர்க்கும் பொருள்) இல்லாமல் முன்பு பெருக்கியதை யுஎன்ஜி தொடாது.

கே: துடைக்க 70% எத்தனால் போதாதா?
ப: போதாது. எத்தனால் டிஎன்ஏவை அழிக்காது. 0.5% சோடியம் ஹைப்போகுளோரைட், அன்றன்று கலந்தது, 10 நிமிடம் ஊறட்டும். பிறகு தண்ணீரில் துடைக்காவிட்டால் ஸ்டீலை அரிக்கும். குவானிடின் உள்ள பஃபர் (டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கரைசல்) சிந்திய இடத்தில் ஹைப்போகுளோரைட் படவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கே: ஃபேன் இல்லாத பெட்டி போதுமா?
ப: மாஸ்டர் மிக்ஸ் கலக்கப் போதும். அதற்குள்ளும் பெருக்கிய குழாய் வரக்கூடாது.