வயதான பெற்றோருடன் இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்குச் செல்ல எண்ணுகிறோம். எங்கே தங்குவது, எந்தத் தோட்டங்களைப் பார்ப்பது?

முதலில் சுருக்கமான விடை: அந்தக் கடற்கரையின் கிழக்கு முனையை ஒட்டிய சலேர்னோ நகரில் தங்குங்கள், கடற்கரை ஊர்களுக்குப் படகில் சென்று வாருங்கள், வாடகைக் கார் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பா சுத்த சைவம், மே மாதத்தில் ஒரு வாரம் விடுப்பு, பொசித்தானோவில் அறை எடுத்து ஒரு காரும் வைத்துக்கொண்டால் போதுமா என்று நீங்கள் கேட்டிருப்பதை வைத்தே இதைச் சொல்கிறேன். என் பெற்றோரையும் அதே கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன் என்பதால், வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் தொடாமல் விடும் படிக்கட்டு விவகாரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பொசித்தானோ படத்தில் எவ்வளவு அழகோ நேரிலும் அவ்வளவு அழகுதான். ஆனால் அது செங்குத்தான மலைச்சரிவில் வீட்டின் மேல் வீடாக ஏற்றிக் கட்டிய ஊர். கடற்கரைக்கு 300 மீட்டர் என்று விடுதிக்காரர் எழுதியிருந்தால், அந்த 300 மீட்டரில் பெரும்பகுதி படிகளாகவே இருக்கும். அவை ஒரே உயரத்தில் இருப்பதில்லை, கைப்பிடியும் எல்லா இடத்திலும் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறிவிடலாம். காலையில் காப்பிக்கு இறங்கி, மறுபடி ஏறி, மாலையில் மீண்டும் இறங்கி ஏறுவது என்றால் இரண்டாம் நாளே அம்மா அறையை விட்டு வெளியே வர யோசிப்பார். அறை வாடகையும் சலேர்னோவைவிட வெகுவாக அதிகம்.

காரின் கதை வேறு. சலேர்னோவை அடுத்த வியேத்ரி ஊரில் தொடங்கி சொரெந்தோ தீபகற்பத்தின் மறுபக்கம் வரை சுமார் 50 கிலோமீட்டர் நீளும் அந்த மலைச்சாலை, நேப்பிள்ஸை பூர்போன் மன்னர்கள் ஆண்ட 19ஆம் நூற்றாண்டில், வண்டிகளையும் குதிரைகளையும் மனத்தில் வைத்துப் பாறையைக் குடைந்து போடப்பட்டது. இன்று அதே அகலத்தில் சுற்றுலாப் பேருந்துகள் ஓடுகின்றன. வளைவில் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்துவிட்டால், ஒன்று மெல்லப் பின்வாங்கும். ஓட்டுநர்கள் பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொள்வார்கள். இரண்டு தகர உடல்களுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இருக்காது. பின்னால் நிற்கும் கார்களும் ஸ்கூட்டர்களும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்கும். வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், காரை ஓட்டிக்கொண்டிருப்பவர் நீங்களாக இல்லாதவரை. போதாக்குறைக்கு, 2022 முதல் நெரிசல் மிகுந்த நாட்களில் பகல் நேரத்தில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் விதி நடைமுறையில் இருக்கிறது. வண்டியின் கடைசி எண்ணைப் பொறுத்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அந்தச் சாலையில் செல்ல முடியும். வாடகைக் கார்களும் அதில் அடக்கம். வண்டி நிறுத்தும் கட்டணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நல்லது.

சலேர்னோ அப்படி அல்ல. நேப்பிள்ஸிலிருந்து விரைவு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் படகுத்துறை, அதையொட்டி மரநிழலில் நீண்ட சமதளமான கடற்கரை நடைபாதை. மாலையில் உள்ளூர்க் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகச் சேர்ந்து அங்கே உலாவுவதைப் பார்த்தபடி உங்கள் பெற்றோர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால், அன்றைய மாலைக்கு வேறு எதுவும் தேவைப்படாது. படகுகள் ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடுகின்றன. அமால்ஃபி ஊருக்கு 35 நிமிடம். இன்னும் சற்று நேரத்தில் பொசித்தானோ. சில படகுகள் வழியில் செதாரா, மயோரி, மினோரி ஆகிய சிற்றூர்களிலும் நிற்கும். மே மாதத்தில் கூட்டம் ஓரளவுக்கு இருந்தாலும், ஆகஸ்டு நடுவில் இத்தாலியர்களே மொத்தமாக விடுமுறை எடுக்கும்போது வரும் நெரிசல் இருக்காது.

படகில் போகச் சொல்வதற்கு வசதி மட்டும் காரணம் அல்ல. சாலையில் போகிறவருக்குத் தலைக்கு மேலே இருக்கும் மலை தெரியாது. கடலிலிருந்து பார்த்தால்தான் அந்த மலை முழுவதும் மனிதக் கையால் படி படியாக வெட்டப்பட்டிருப்பது தெரியும். சாந்தோ சிமெண்டோ இல்லாமல் கல்லோடு கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, பின்னால் மண் நிரப்பி, நூற்றாண்டுக் கணக்கில் உருவாக்கிய படிவயல்கள் அவை. 1997இல் யுனெஸ்கோ இந்தக் கடற்கரையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, கடற்காட்சியை மட்டும் அல்லாமல் இந்த நிலஅமைப்பையும் கருத்தில் கொண்டே அறிவித்தது. சாந்தில்லாமல் கற்சுவர் அடுக்கும் இந்தத் தொழில்நுட்பம் 2018இல் இத்தாலி உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரில் தனியாகவும் பட்டியலில் சேர்ந்தது.

எந்தத் தோட்டங்களைப் பார்ப்பது என்ற உங்கள் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் விடை ரவெல்லோ என்ற மலையூர். நானும் அதையே சொல்கிறேன், ஆனால் அங்குள்ள இரண்டு மாளிகைத் தோட்டங்களில் அம்மாவுக்கு ஏற்றது எது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அமால்ஃபியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம் மலை ஏறினால் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் ரவெல்லோ. பேருந்துச் சீட்டை முன்கூட்டியே புகையிலைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். வில்லா ரூஃபோலோ ஊரின் நடுச் சதுக்கத்திலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் செல்வாக்கோடு விளங்கிய வணிகக் குடும்பத்தின் மாளிகையாக இருந்து பாழடைந்த அந்த இடத்தை, 1851இல் ஃபிரான்சிஸ் நெவில் ரீட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வாங்கிச் சீரமைத்தார். இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் 1880 மே 26 அன்று இங்கே வந்து, தாம் எழுதிக்கொண்டிருந்த பார்சிஃபால் இசைநாடகத்தின் மாயத் தோட்டத்தை இங்கே கண்டுபிடித்துவிட்டதாக எழுதி வைத்தார். அவருடன் வந்த ஓவியர் பால் ஜுகோவ்ஸ்கி வரைந்துகொண்ட காட்சி, 1882இல் அந்த நாடகம் அரங்கேறியபோது மேடை அமைப்பாக மாறியது. அதை நினைவுகூரும் வகையில் 1953 முதல் அங்கே கோடை இசைவிழா நடக்கிறது. தோட்டத்தின் விளிம்பில், கடலுக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக் கட்டிய மேடையில் இசைக்குழு உட்கார்ந்து வாசிக்கும். கீழ்த்தளப் பூப்பாத்திகளுக்குச் சில படிகள் இறங்க வேண்டும். இறங்காவிட்டாலும் குறையில்லை, குடை போல விரிந்த பைன் மரமும் அதற்குக் கீழே தேவாலயத்தின் இரட்டைக் கும்மட்டங்களும் தெரியும் அந்தப் பேர்பெற்ற காட்சி மேலிருந்தே கிடைக்கும்.

மற்றது வில்லா சிம்ப்ரோனே. 1904இல் எர்னஸ்ட் பெக்கெட் என்ற ஆங்கிலப் பிரபு வாங்கி, நீண்ட நடைபாதையின் முடிவில் பளிங்கு மார்பளவுச் சிலைகள் வரிசையாக நிற்கும் திறந்த மாடத்தோடு இதை அமைத்தார். அந்த மாடத்தில் நின்றால் கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு தேட வேண்டியிருக்கும். ஆனால் சதுக்கத்திலிருந்து அங்கே போகும் வழி ஏற்றமும் படிகளுமாகக் கால் மணி நேர நடை. பெற்றோர் சதுக்கத்தில் இளைப்பாறட்டும், நீங்கள் மட்டும் போய் வாருங்கள். என்னைக் கேட்டால், அழகாக வளர்த்த செடிகளைவிட இந்த இரண்டு இடங்களிலும் பார்க்க வேண்டியது அந்த உயரத்தைத்தான். அந்த நேரத்தில் பெற்றோர் ரவெல்லோ தேவாலயத்துக்குள் சென்று 1272இல் செய்த பிரசங்க மேடையைப் பார்க்கலாம். அதன் தூண்களை ஆறு கற்சிங்கங்கள் முதுகில் தாங்கியபடி நடந்துகொண்டிருக்கும்.

ஆனால் இந்தக் கடற்கரையின் உண்மையான தோட்டம் எலுமிச்சைத் தோட்டம்தான். வெளிநாட்டுப் பணக்காரர்கள் காட்சிக்காக வளர்த்தவை போல அல்லாமல், இதைக் கொண்டு ஊரே பிழைத்தது. மினோரிக்கும் மயோரிக்கும் இடையே எலுமிச்சைப் பாதை என்று ஒன்று உண்டு. படிகள் உள்ள வழிதான், ஆகவே அம்மாவை முழுவதும் நடக்க வைக்க வேண்டாம். மினோரிப் பக்கத்திலிருந்து முதல் சில தோட்டங்கள் வரை ஏறினாலே போதும். மேல்மலைக் காடுகளில் வெட்டிய செஸ்ட்நட் கம்பங்களை நட்டு, குறுக்கே கம்புகளைக் கட்டி, ஆள் உயரத்துக்கும் சற்று மேலே பந்தல் போட்டிருப்பார்கள். மரங்கள் அந்தப் பந்தலில் படர்த்திக் கட்டப்பட்டிருக்கும். குளிர்காலக் காற்றுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் மேலே வலை விரிப்பார்கள். உள்ளே நுழைந்தால் வெளிச்சம் பச்சையாக மங்கிவிடும், பழங்கள் தலைக்கு நேர்மேலே தொங்கும். இரு முனையும் கூம்பிய நீளமான பழம், தடித்த தோல், சாற்றை விடத் தோலில்தான் மணம் அதிகம். ஒரு தோட்டக்காரர் எங்களுக்கு ஒரு பழத்தை வெள்ளைச் சதையோடு வட்டமாக நறுக்கி, கொஞ்சம் சர்க்கரை தூவி நீட்டினார். கசக்கும் என்று எதிர்பார்த்து வாங்கிய அம்மா இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கினார். 2001 முதல் இந்தப் பழத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு.

சாலையும் இயந்திரமும் இல்லாத காலத்தில் ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட கூடைகளைத் தோளில் சுமந்து இந்தப் படிகளில் இறங்கித் துறைக்குக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஊரார் அவர்களைச் சிற்றெறும்புகள் என்று அழைத்தார்கள். இன்று சில தோட்டங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் சிறு இழுவண்டி இருக்கிறது, பல இடங்களில் இன்னமும் தோள்தான். லாபம் குறைந்து படிவயல்களைக் கைவிட்டால் சுவர் சரியும், சுவர் சரிந்தால் மலை சரியும். 1954 அக்டோபரில் ஓர் இரவுப் பெருமழையில் சலேர்னோவிலும் வியேத்ரி, மயோரி, மினோரி ஊர்களிலும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அழகிய அந்தச் சரிவு எவ்வளவு பலவீனமானது என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஆகவே எலுமிச்சை மதுவோ மிட்டாயோ வாங்குவதாக இருந்தால் விமான நிலையத்தில் வாங்காமல் தோட்டக்காரரிடமே வாங்குங்கள்.

சலேர்னோவிலேயே ஒரு தோட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது. பழைய நகரின் மேட்டில் உள்ள மினெர்வா தோட்டம், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்தேயோ சில்வாத்திக்கோ என்ற மருத்துவர் மூலிகைகளை வளர்த்து மாணவர்களுக்குக் காட்டிய இடம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே பேர்பெற்றிருந்த சலேர்னோ மருத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர் அவர். வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற குணங்களின்படி செடிகளை வகுத்து வைத்திருக்கிறார்கள். வாதம், பித்தம், கபம் என்று வளர்ந்த நம்மவருக்கு அந்த முறை எளிதில் பிடிபடும், என் அப்பா அங்கேதான் எல்லாவற்றையும்விட அதிக நேரம் நின்றார். அடுக்கடுக்கான தளங்களில் சிறு வாய்க்கால்கள் ஓடுகின்றன. உட்கார்ந்து மூலிகைத் தேநீர் குடிக்கவும் இடம் உண்டு.

சாப்பாடு பற்றி அப்பாவுக்காக ஓர் எச்சரிக்கை. நெத்திலியை உப்பில் ஊறவைத்து வடித்தெடுக்கும் சாறு செதாராவின் பெருமை. அது காய்கறிக் கறியிலும் பாஸ்தாவிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீனையும் இறைச்சியாக அவர்கள் எண்ணமாட்டார்கள். மீனும் நெத்திலியும் வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே. அது எங்கும் கிடைக்கும். சுரைக்காய் வகைக் காயை வதக்கிப் பாலாடைக்கட்டியோடு செய்யும் நெரானோ பாஸ்தாவும் நன்றாக இருக்கும். பாலாடைக்கட்டியில் பெரும்பாலும் கன்றின் இரைப்பை நொதி சேர்கிறது என்பதை அப்பா பொருட்படுத்துவார் என்றால், அதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, கடல் கொந்தளித்தால் படகுகள் நிற்கும். மே மாதத்திலும் அப்படி நேரலாம். அன்றைக்குப் பேருந்தில் நெரிசலோடு அமால்ஃபிக்குப் போக முயலாமல், சலேர்னோவிலிருந்து தெற்கே அரை மணி நேர ரயிலில் பெஸ்தும் செல்லுங்கள். கிரேக்கக் குடியேறிகள் கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய மூன்று கோயில்கள் புல்வெளியில் தூண்களோடு நிற்கின்றன. ஏதென்ஸில் மலையேறிக் காண்பதைவிடக் குறையாத கட்டடங்கள் இங்கே சமதரையில் கிடைக்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து நேரான பாதை, படிகள் இல்லை. நிழல் குறைவு என்பதால் தொப்பியும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் ரயில்கள் அடிக்கடி இல்லை, நேரத்தை இறங்கியவுடனே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.